ஊசி நோட்டும் சாயத்தண்ணியும்

திருப்பூரில் எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தால் அந்த மெஷின் அப்படியே நிற்கும். உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. முனை மட்டும் கிடைக்கவில்லை என்றால் அந்த பண்டல் முழுக்க மெட்டல் டிடெக்டருக்குப் போகும்.

காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்கு லோக்கல் சரக்கு தைக்கும் எங்கள் மாமா கம்பெனியில் இந்த நோட்டே கிடையாது. "நம்மகிட்ட அதையெல்லாம் யாரு கண்ணு கேக்கறாங்க?" என்பார். மாமா மோசமான ஆள் இல்லை. எங்களைக் கேட்க வெளிநாட்டில் துணி வாங்கும் பையர் இருக்கிறார், மாமாவைக் கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ஏற்றுமதி செய்தால் கம்பெனி தானாகத் திருந்தும் என்று யாராவது சொன்னால் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கம்பெனி கேட்டுக்கு உள்ளே மாறியிருப்பது நிஜம். வயசுச் சான்று பார்க்காமல் யாரையும் சேர்ப்பதில்லை, அவசர வழியில் அட்டைப்பெட்டி அடுக்கினால் திட்டு விழும், 2013-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்த பிறகு கட்டிடம் உறுதியா என்பதற்கும் பேப்பர் காட்ட வேண்டியிருக்கிறது. பையர் ஆட்கள் ஆடிட்டுக்கு வரும் அன்றைக்கு மட்டும் கழிவறையில் புது சோப்பு இருக்கும் என்பதும் நிஜம்தான்.

சரி, கேட்டுக்கு வெளியே ஓடும் நொய்யல் ஆறு? அது பையர் மெயிலால் திருந்திய கதை இல்லை. ஏற்றுமதி ஏற ஏறத்தான் சாயத்தண்ணியும் ஏறியது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகி, கீழே இருந்த காடு தோட்டமெல்லாம் உப்புப் பூத்துப் போனது. அந்தத் துணியை வாங்கியவர்களும் வெளிநாட்டுக்காரர்கள்தானே. விவசாயிகள் கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுத்தண்ணியை ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் பேச்சு செயலுக்கு வந்தது. இன்றைக்கு அதையே பையருக்குக் காட்டும் பவர்பாயிண்டில் முதல் பக்கத்தில் போடுகிறோம். (அந்தப் பக்கத்தைச் செய்தவன் நான்தான், நொய்யல் படம் மட்டும் போடவில்லை.)

ஜீரோ டிஸ்சார்ஜ் என்பதும் சும்மா வருவதில்லை. ஆர்ஓ வடிகட்டியில் நல்ல தண்ணியைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சும் உப்புத்தண்ணியைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். அதற்கு நீராவி, நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேரும். இந்தச் செலவெல்லாம் சாயக் கூலியில் ஏறும், ஆனால் பையர் தரும் பீஸ் ரேட்டில் ஏறாது.

போன சீசனில் ஒரு பையர், ஒரு டீசர்ட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்குக் கேட்டு மெயில் போட்டார். அதே மெயிலில் கீழே, பீஸுக்குப் பத்து சென்ட் குறைக்க முடியுமா என்று இன்னொரு வரி. முதல் வரிக்குப் பதில் தேடி, எங்களுக்கு ஜாப் வொர்க் செய்யும் சாயப்பட்டறை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"தண்ணிக் கணக்குத்தானுங்க தம்பி, சாயங்காலமே அனுப்பி விடறேன்," என்றார். "ரெண்டு மாச பில்லு நிக்குது, அது எப்பங்க வரும்?"