பன்னிரண்டாவது படம்

பிப்ரவரி 2, ஞாயிறு

எஸ்.எஸ்.பி. வருகிறது, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. அதில் படம் பார்த்துக் கதை எழுத வேண்டும். கோச்சிங் சார் நேற்று ராத்திரியும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். "ஹீரோவுக்குப் பேர் வை, வயசு போடு. பிரச்சினையைக் கண்டுபிடி, நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுத் தீர்த்து வை. யாரும் சாகக் கூடாது. யாரும் அழக் கூடாது." திருப்பித் திருப்பி இதேதான். என் நோட்டில் ஊருக்கு ரோடு போட்ட ரவி, வெள்ளத்தில் தற்காலிகப் பாலம் கட்டிய ப்ரியா, ரத்ததான முகாம் நடத்திய இன்னொரு ரவி என்று ஒரு மாவட்டத்தையே முன்னேற்றிவிடும் அளவுக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் வயது 23. என் வயது.

சான்றிதழ்களை வைக்க அப்பா தன் பழைய தோல்பையைத் தந்தார். வேண்டாம் என்றேன். சில்லறை வாசம் அடிக்கும்.

பிப்ரவரி 3, திங்கள்

ரயில். எதிர் சீட்டுப் பாட்டி எங்கே போகிறாய் என்று கேட்டார். பரீட்சைக்கு என்றேன். என்ன பரீட்சை? படத்தைப் பார்த்துக் கதை எழுதுகிற பரீட்சை. "அதுக்கா பெங்களூரு வரைக்கும் போற?"

பிப்ரவரி 4, செவ்வாய்

போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் நோட்டில் எழுதுவது, ஊருக்குப் போய் ஏற்ற வேண்டும்.

செஸ்ட் நம்பர் 27. இனி எனக்கு இங்கே பெயர் கிடையாது.

காலையில் ஓ.ஐ.ஆர் என்கிற அறிவுத்திறன் சோதனை: கன சதுரத்தை மடிப்பது, எண் வரிசையில் விட்ட இடத்தை நிரப்புவது. அது பிரச்சினையில்லை. பிறகு மங்கலான ஒரு படம், 30 விநாடி. படத்தில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன மனநிலை என்று ஒரு நிமிடத்தில் குறிக்க வேண்டும். 4 நிமிடத்தில் கதை. அப்புறம் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு தரம் கதை சொல்லி, எல்லாருமாகப் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். வரவில்லை. சந்தைக்கடைதான். 14ஆம் நம்பர் பெண் மட்டும் குரலை உயர்த்தாமல், "முதலில் எத்தனை பேர் என்பதில் ஒத்துக்கொள்வோமா" என்றாள். பொறாமையாக இருந்தது.

மதியத்துக்கு மேல் நம்பர்களை வாசித்தார்கள். 27 இருந்தது. வந்தவர்களில் பாதிக்கு மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். என் அறையில் மூன்று கட்டில் காலி.

பிப்ரவரி 5, புதன், மதியம்

முடிந்தது. கை வலி. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், மறந்துவிடும்.

டி.ஏ.டி, படம் பார்த்துக் கதை எழுதும் சோதனை: 11 படம், கடைசியில் ஒரு வெற்று ஸ்லைடு. படத்துக்கு 30 விநாடி, எழுத 4 நிமிடம். மணி அடித்ததும் அடுத்தது வந்துவிடும், முந்தைய கதையின் கடைசி வரி அந்தரத்தில் நிற்கும். பிறகு 60 சொற்கள், ஒன்றுக்கு 15 விநாடி. மனதில் முதலில் தோன்றியதை வாக்கியமாக்க வேண்டும். பிறகு 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். காட்டில் வழி தவறிவிட்டது, நண்பன் பணம் கேட்கிறான், ரயிலில் பக்கத்து ஆளின் பெட்டியைக் காணோம் என்று. கடைசியில் என்னைப் பற்றி நானே: பெற்றோர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள், நண்பர்கள், நான், இனி எப்படி ஆக விரும்புகிறேன். அதற்கு 15 நிமிடம்.

முதல் நாலு கதைகளுக்கு ரவியும் ப்ரியாவும் வந்தார்கள். ஐந்தாவதில் தீர்ந்துபோனார்கள். அந்த வேகத்தில் மனப்பாடம் நிற்காது. அதற்காகத்தான் அந்த வேகம்.

அதன் பிறகு என்ன எழுதினேன் என்று யோசித்தால், எல்லாக் கதையிலும் ஒரு பஸ் இருக்கிறது.

பிப்ரவரி 5, இரவு

ஜன்னல் ஓரம் நிற்கும் பெண்: கடைசி பஸ்ஸை எதிர்பார்க்கிறாள். இரண்டு பேர் எதையோ குனிந்து பார்க்கிறார்கள்: பஸ்ஸின் டயர். மலை, ஒற்றை ஆள்: மலைக்கிராமத்துக்கு பஸ் விடச் சொல்லி மனு எழுதப் போகிறான். சொற்களிலும் அப்படித்தான். ஓரிடத்தில் "பயணிகள் முழுத் தொகையைச் சரியாகக் கொடுத்தால் தாமதம் குறையும்" என்று எழுதியிருக்கிறேன். எந்தச் சொல்லுக்கு என்றுகூட நினைவில்லை.

வெற்று ஸ்லைடுக்கு எல்லாரும் முன்கூட்டியே ஒரு கதை தயாரித்து வருவார்கள். நானும் தயாரித்ததுதான், கல்லூரியில் கழிவுநீர் மறுசுழற்சி செய்த கதை. எழுதவில்லை. ஒரு கண்டக்டர் பாதி வழியில் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, இறங்கி, வயல் வழியாக நடந்து போகிறார். வண்டி அவர் இல்லாமல் போகிறது. இவ்வளவுதான் எழுதினேன். தீர்வு இல்லை. நாலு பேரும் இல்லை. மணி அடித்துவிட்டது.

இதை யாரோ ஒரு உளவியலாளர் இந்நேரம் படித்துக்கொண்டிருப்பார். அவர் என்னைப் பார்த்ததில்லை. கடைசி நாள் எல்லா மதிப்பீட்டாளர்களும் கூடுகிற கான்ஃபரன்ஸ் வரைக்கும் பார்க்கவும் மாட்டார். என் கையெழுத்து மட்டும்தான் அவருக்கு நான்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று குழு வேலைகள்: கயிறு, பலகை, பீப்பாய். முழங்கையில் சிராய்ப்பு. நன்றாகத்தான் செய்தேன்.

பக்கத்துக் கட்டில் அக்கா பலமுறை வந்து போனவர், சரித்திரமே சொல்வார். 1942இல் பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைப் பொறுக்க உளவியலாளர்களையும் மனநல மருத்துவர்களையும் கூப்பிட்டதாம். அதற்கு முன்னால் பள்ளிக்கூடம், குடும்பம், ஒரு சின்ன இன்டர்வ்யூ, அவ்வளவுதான். தலைவரென்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்க்கிற யோசனை வில்ஃப்ரெட் பியான் என்கிற மனநல மருத்துவருடையது. அடுத்த வருடமே டேராடூனில் இந்தியாவுக்கு ஒரு தேர்வு போர்டு. பீப்பாயைத் தூக்கும்போது இதெல்லாம் உதவாது அக்கா என்றேன்.

தூங்கப் போகும்போது அவரிடம் கேட்டேன்: ஒரே விஷயம் எல்லாக் கதையிலும் வந்தால்? "எனக்கு எல்லாத்துலயும் ஹாஸ்பிடல் வரும்" என்றார். அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஆறுதலா எச்சரிக்கையா தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்டர்வ்யூ. பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், நண்பர்கள், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கிக் கேட்டுவிட்டு, பதில் சொல் என்று சாய்ந்து உட்கார்ந்தார். வரிசை தவறாமல் சொன்னேன். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கேட்டார், "அப்பா வண்டியில் போயிருக்கிறாயா? டிக்கெட் எடுப்பாயா?"

எடுப்பேன் சார், அவரே கிழித்துத் தருவார், காசை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பைக்குள் போடுவார் என்றேன். சிரித்தார்.

அந்த வெற்று ஸ்லைடுக் கதை இவருக்குத் தெரியுமா? மனம் உளவியலாளருக்கு, வாக்கு இன்டர்வ்யூ எடுப்பவருக்கு, செயல் குழு வேலைகளைப் பார்ப்பவருக்கு. மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள், கான்ஃபரன்ஸுக்கு முன் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது விதி. அப்பா தொழிலை நானேதான் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தேன், அதை வைத்துத்தான் கேட்டிருப்பார். கட்டாயம் அதனால்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பு.

பிப்ரவரி 8, சனி

நீள மேஜை, எல்லாரும் யூனிஃபார்மில். சாப்பாடு எப்படி இருந்தது, நண்பர்கள் கிடைத்தார்களா? இரண்டு நிமிடம். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் யார் என் கதைகளைப் படித்தவர் என்று முகம் முகமாகத் தேடினேன்.

14 வாசித்தார்கள். 27 வாசிக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீடு. அம்மா எதுவும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டம்.

ஏன் என்று சொல்ல மாட்டார்கள். மார்க் ஷீட் கிடையாது. 15 குணங்கள் பார்ப்பார்களாம், எதில் விழுந்தேன் என்று கேட்க ஒரு ஜன்னலும் கிடையாது. படித்து அர்த்தம் எடுத்தவருக்குத் தெரியும், எழுதியவளுக்குத் தெரியாது.

எனவே நானே தேடிப் படிக்கிறேன். டி.ஏ.டி.யை உருவாக்கியவர்கள் ஹார்வர்டில் கிறிஸ்டியானா மோர்கனும் ஹென்றி மர்ரேயும், 1935. மூல அட்டைத் தொகுப்பில் 31 அட்டை, அதிலும் ஒன்று வெற்று அட்டைதான். இந்திய முகங்களும் உடையுமாக மாற்றியவர் உமா சௌத்ரி, 1960. கதையில் வருகிற ஆளுக்கு என்ன தேவை, வெளியிலிருந்து என்ன அழுத்தம், இரண்டும் மோதி என்ன ஆகிறது என்று பார்ப்பார்களாம். ஒரு கதையை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை, பல கதைகளில் திரும்பி வருவதைத்தான் குறிப்பார்கள். ஆகப் பிரமாதம்.

சொல்லுக்குச் சொல் சோதனையை யுங் என்கிற மனநல மருத்துவர் சூரிச்சில் 100 சொற்களை வைத்துச் செய்திருக்கிறார், கையில் ஸ்டாப்வாட்ச். பதிலைவிடப் பதிலுக்கு முந்திய தயக்கத்தைத்தான் அவர் கவனித்தார்: எந்தச் சொல்லில் ஆள் தடுமாறுகிறாரோ அங்கே ஏதோ இருக்கிறது. எனக்கு எங்கேயும் தடுமாற்றமே இல்லை. பஸ் நேரத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

இதை எதிர்ப்பவர்களும் உண்டு. ஒரே கதையைப் படித்து இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்லலாம் என்பது இந்த வகைச் சோதனைகள் எல்லாவற்றின் மேலும் உள்ள பழைய புகார். அப்படியானால் வேறொருவர் படித்திருந்தால்? இந்த நினைப்பே கூடாது.

பிப்ரவரி 12

காய்ச்சல் மாதிரி. இல்லை.

பிப்ரவரி 15, சனி

கேம்பஸில் எடுத்த கம்பெனி சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறது, ஆனால் ஒரு ஆன்லைன் பர்சனாலிட்டி டெஸ்ட் மட்டும் அனுப்பியிருக்கிறது. முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை... "நான் ஒருபோதும் யாரிடமும் கோபப்பட்டதில்லை." இது பொறி. இதற்கு ஆமாம் போட்டால் பொய் சொல்கிறாள் என்று அர்த்தம். மினசோட்டாவில் 1943இல் வெளிவந்த எம்.எம்.பி.ஐ. என்கிற ஆளுமைச் சோதனையிலிருந்தே இந்தத் தந்திரம் இருக்கிறது, பொய் அளவுகோல் என்றே ஒன்று தனியாக. இன்னொன்று பிடித்திருந்தது. அதில் நோயாளிகளோடு ஒப்பிட "சாதாரண மனிதர்கள்" தேவைப்பட்டபோது, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தவர்களைத்தான் பெரும்பாலும் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு வராந்தாவில் காத்திருந்தவர்கள்தான் உலகத்துக்கே இயல்பின் அளவுகோல்! அம்மாவிடம் சொன்னேன், "அவங்களுக்கு அன்னிக்கு மனசு சரியாவா இருந்திருக்கும்" என்றாள். சரியான கேள்வி.

இந்த வகையில் எழுத ஒன்றுமில்லை, வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். பஸ் ஏற இடமே கிடையாது. அரை மணியில் முடித்துவிட்டு, ஏமாற்றமாக உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 16

ரவி என்று பெயர் வைத்த எல்லாரையும் நோட்டிலிருந்து கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

அப்பாவுக்கு இன்று ரெஸ்ட். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்திருந்தார். மே மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவரும்.

அந்தக் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் தெரியாது. ஒரு கண்டக்டர் பாதி வழியில் விசில் அடித்து இறங்கி வயல் வழியாக நடந்து போகிறார், வண்டி போய்விடுகிறது, அதுதான் கதை என்றேன். நான்தான் எழுதினேன் என்றும் சொன்னேன்.

கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பேச்சில்லை. தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"பையை எடுத்துக்கிட்டு இறங்குனாரா, வண்டியிலயே வச்சிட்டாரா?"

அதை எழுதலைப்பா.

"அதெப்படி தாயி எழுதாம இருப்ப? அன்னிக்குக் கலெக்‌ஷனை டிப்போவுல யார் கட்டுனது?"

பிப்ரவரி 21, வெள்ளி

ஏப்ரல் 13 மறுபடி ராணுவத்துக்கான எழுத்துத் தேர்வு. கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். கம்பெனியிலிருந்து மெயில், டெஸ்ட் ரிசல்ட் அவர்கள் தளத்தில் இருக்கிறதாம். பாஸ்வேர்டு எடுக்கவில்லை. அம்மா கூப்பிடுகிறாள்.