அக்டோபர் 31-க்குள் ஒரு கையெழுத்து

லண்டனில் பிள்ளையை யூத மேல்நிலைப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: மத நடைமுறைச் சான்றிதழில் சினகாக் (யூதக் கோயில்) கையெழுத்தை, யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். "பண்டிகை முடியட்டும், நிறைய நாள் இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

என் கணவர் யூதர். நான் மதுரைக்காரி, மதம் மாறவில்லை. 2025 செப்டம்பரில் பொண்ணு ஏழாம் வகுப்பு போகவேண்டியிருந்தது. கவுன்சிலின் (உள்ளாட்சி) பள்ளிச் சேர்க்கைப் படிவம் இணையத்தில் அரை மணி நேர வேலை. பல பேர் அதோடு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். முடியவில்லை. பள்ளிக்கென்று தனியாக ஒரு துணைப் படிவமும், மத நடைமுறைச் சான்றிதழும் போகவேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சான்றிதழ் உள்ளவர்களுக்குத்தான் முதல் இடம், இல்லாதவர்கள் வரிசையின் வாலில். எத்தனை வாரம் சினகாக் போனாள், ஹெய்டர் என்கிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தாளா, தொண்டு ஏதும் செய்தாளா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். பள்ளிக்குப் பள்ளி கணக்கு மாறும், அந்த வருஷத்து விதியைப் படியுங்கள். போன வருஷம் சேர்த்தவர் சொல்வதைக் கேட்டு ஏமாறவேண்டாம்.

ஹெய்டர் எங்கள் வீட்டுப் பக்கத்து லிபரல் (தாராளப் பிரிவு) சினகாக்கில். அப்பா, அம்மா யார் யூதராக இருந்தாலும் அவர்களுக்குச் சம்மதம். அந்தப் பகுதிக்கு மறுநாளே கையெழுத்து வந்துவிட்டது.

சிக்கல் எல்லாம் சனிக்கிழமை வருகைக்குத்தான். பொண்ணுக்குத் தன் பாட்டியோடு பெண்கள் பகுதியில் உட்காரப் பிடிக்கும். அதனால் மாமனாரின் ஆர்த்தடாக்ஸ் (பழமைப் பிரிவு) சினகாக்குக்குத்தான் போய்வந்தோம். அவர்கள் வழக்கப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான சப்பாத் அன்று அங்கே பேனா தொடக்கூடாது. அப்புறம் வருகையை எப்படிப் பதிவது? வாசல் மேசையில் பெயர் எழுதிய அட்டைகள் வரிசையாக இருக்கும். நம் அட்டையை எடுத்துப் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். பொழுது சாய்ந்து சப்பாத் முடிந்த பிறகு யாராவது எடுத்துக் கணக்கில் ஏற்றுவார்கள்.

ஏற்றினால்தானே! ஒரு வாரம் யாரோ ஒரு பையனின் பார் மிட்ஸ்வா, பதின்மூன்று வயதுச் சடங்கு. வேத நூலான தோராவை வாசித்து முடித்ததும் அவன் மேல் மிட்டாய் வீசுவது வழக்கம். சின்னப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றுவிட்டுக் காகிதத்தையெல்லாம் அட்டைப் பெட்டியில் திணித்திருக்கிறார்கள். துப்புரவு செய்தவர் பெட்டியை அப்படியே குப்பையில் கவிழ்த்துவிட்டார். அன்று வந்த யாருக்குமே வருகை இல்லை. போட்டோ காட்டலாம் என்றால் சப்பாத்தில் கேமராவும் கூடாது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் "நேற்று வந்தோம், அட்டை போட்டோம்" என்று சினகாக் அலுவலகத்துக்கு ஒரு வரி மின்னஞ்சல் தட்டிவிடுவேன். நீங்களும் முதல் வாரத்திலிருந்தே செய்யுங்கள். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

வாசல் பாதுகாப்பையும் சொல்லவேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதற்குப் பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயம்தான். ஆனால் சுடிதார் போட்டுக்கொண்டு நான் முன்னால் போனால், யாரைத் தெரியும், எதற்கு வந்தீர்கள் என்று விசாரணை நடக்கும். மாமியாரை முன்னால் விட்டுப் பின்னால் போவதே உத்தமம்.

2024 செப்டம்பரில் சான்றிதழ்ப் படிவத்தோடு அந்த சினகாக் அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்த அம்மா படிவத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உங்கள் கெதுபா எங்கே?" என்றார். கெதுபா யூதத் திருமண ஒப்பந்தம். எங்களுக்குப் பதிவுத் திருமணம், கெதுபாவுக்கு எங்கே போவேன்? "தாய் யூதர் இல்லையென்றால் இதில் நாங்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் இந்தக் கேள்வி முடிந்துபோய் அப்போதே கிட்டத்தட்டப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. லண்டன் கென்டனில் இருக்கும் ஜே.எஃப்.எஸ். என்கிற யூதப் பள்ளி ஒரு பையனுக்கு முன்னுரிமை மறுத்தது. அவன் தாய் யூத மதத்துக்கு மாறியவர்தான், ஆனால் ஆர்த்தடாக்ஸ் முறையில் மாறவில்லை என்பது காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தாய்வழி பார்த்து இடம் கொடுப்பது நேரடி இனப் பாகுபாடு என்று 9 நீதிபதிகளில் 5 பேர் 2009 டிசம்பரில் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் புள்ளி, அட்டை எல்லாமே வந்தன. என் பொண்ணு யூதரா இல்லையா என்று ஆர்த்தடாக்ஸ் பெரியவர்கள் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும், அது அவர்கள் மார்க்கம். படிவம் கேட்பது அவள் வந்தாளா என்பதை மட்டும். இதைச் சொன்னேன். "ரப்பியிடம் கேட்டுச் சொல்கிறேன், பண்டிகை முடியட்டும்" என்றார் அந்த அம்மா. ரப்பி என்றால் யூத மதகுரு.

அந்த வருஷப் பண்டிகைகளைப் பாருங்கள். 2024-ல் ரோஷ் ஹஷானா அக்டோபர் 3, 4. யோம் கிப்பூர் 12. சுக்கோத் 17-ல் தொடங்கி, சிம்ஹத் தோரா 25-ல் முடிந்தது. மறுநாள் சப்பாத். மாதம் முழுக்க அலுவலகக் கதவு பாதி நாள் பூட்டு, மீதி நாள் "ரப்பி பிஸி". விண்ணப்பக் கெடு அக்டோபர் 31. அன்றைக்குத் தீபாவளி வேறு.

28-ஆம் தேதி திங்கள் காலை, மின்னஞ்சல்களையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு நேராக ரப்பியைப் பார்த்தேன். அவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "வந்தாள், நானே பார்த்திருக்கிறேனே. இதற்கு ஏன் இவ்வளவு நாள்?" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். குப்பைக்குப் போன வாரத்தையும் சேர்த்துத்தான். அலுவலக அம்மா முத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளியின் தளத்தில் ஸ்கேனை ஏற்றினால் மட்டும் போதாது. பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வரும்வரை விடாதீர்கள். எனக்கு அது 31-ஆம் தேதி மத்தியானம் வந்தது, அதற்குப் பிறகுதான் முறுக்கு மாவு பிசைந்தேன். மார்ச் 1 சனிக்கிழமையானதால் முடிவு 3-ஆம் தேதி வந்தது. கேட்ட பள்ளியே கிடைத்தது.

அடுத்து சின்னவனுக்கு ரிசப்ஷன் வகுப்பு, தொடக்கப் பள்ளியின் முதல் வருஷம். அதற்குக் கெடு ஜனவரி 15. யூதப் பண்டிகைத் தொல்லை இல்லை, ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும். அட்டைக்கு இப்போதே பெயர் கொடுத்தாயிற்று.