சுரபாயா நாட்குறிப்பு: சிவப்புப் பாலம்

நவம்பர் 8, 2024

வேலை விஷயமாக இந்தோனேசியாவின் சுரபாயா நகருக்கு வந்து மூன்று நாளாகிறது. இன்றுதான் ஊர் சுற்ற நேரம் கிடைத்தது. முதலில் மஜபாஹித் ஹோட்டல். 1945-ல் அதன் பெயர் யமாட்டோ. உலகப் போரில் இந்த நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான் சரணடைந்ததும், பழையபடி நம் ஆட்சிதான் என்ற நினைப்பில், முன்பு இதை ஆண்ட டச்சுக்காரர்கள் இங்கே தங்கள் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடியை ஏற்றிவிட்டார்கள். செப்டம்பர் 19 அன்று இளைஞர்கள் மேலே ஏறி, அதன் அடியிலிருந்த நீலப் பட்டையை மட்டும் கிழித்துப் போட்டார்கள். மிச்சம் சிவப்பும் வெள்ளையும். இந்தோனேசியக் கொடி தயார். புதுத் துணியே வேண்டியிருக்கவில்லை!

நவம்பர் 9

காலையிலிருந்து மழை. விட்டதும் ஜம்பாத்தான் மேரா, அதாவது சிவப்புப் பாலம் போனேன். கைப்பிடிக் கம்பியில் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து மெழுகு போலத் தடித்திருக்கிறது. பக்கத்தில் இன்டர்நேஷியோ கட்டடம். 1945 அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் படைத்தளபதி பிரிகேடியர் மல்லபி இதன் முன்னால்தான் கொல்லப்பட்டார். அவர் கூட்டிவந்தது 49-வது இந்தியக் காலாட்படை பிரிகேட். ஆமாம், நம் ஆட்கள்தான். ஜப்பானியரின் ஆயுதங்களைக் களையவும் கைதிகளை மீட்கவும் வந்தோம் என்றது பிரிட்டன். பின்னாலேயே டச்சுக்காரன் வருவான் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. இந்தியப் படையை இதற்கு அனுப்பியதை நேரு கண்டித்தார். சிப்பாய்களில் சிலர் இந்தோனேசியர் பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இதில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

காப்பி விற்ற பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன், கொஞ்சம் தயங்கி. "ஓ, ஷாருக் கான்!" என்றார். அப்பாடா.

நவம்பர் 10

வீரர் தினம். துகு பஹ்லாவான் நினைவுத்தூணைச் சுற்றி நல்ல கூட்டம். மல்லபி கொல்லப்பட்ட பின், ஆயுதங்களை ஒப்படைக்க இந்தோனேசியருக்கு ஆங்கிலேயர் வைத்த கெடு, 1945-ல் இதே நாள் காலை 6 மணி. முடியாது என்று முந்தின இரவே வானொலியில் சொல்லிவிட்டார் இந்தோனேசியத் தரப்பின் ஆளுநர் சூர்யோ. அப்புறம் கப்பல் பீரங்கி, விமானம், டாங்கி எல்லாம் வந்தன. இந்தோனேசியரிடம் இருந்தவை ஜப்பானியரிடமிருந்து பறித்த துப்பாக்கிகள். அது கிடைக்காதவர் கையில் கூர்சீவிய மூங்கில். சுமார் மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள். இறந்த இந்தோனேசியர் 6,000 என்பாரும் உண்டு, 16,000 என்பாரும் உண்டு.

திரும்பும்போது ஒரு குட்டிப் பையன் தன் அட்டை மூங்கிலால் என் முழங்காலில் குத்திவிட்டு ஓடினான். அவன் அம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன்.