கடலூர்ல சொந்தமா ஐஎஸ்பி லைசென்ஸ் வாங்கினதும் நெட் நியூட்ராலிட்டியும்

அப்பா காலத்துல இருந்தே நாங்க கேபிள்காரங்க, திருப்பாதிரிப்புலியூர்ல ஆரம்பிச்சு செம்மண்டலம் வரைக்கும் எங்க வயர் ஓடுது. நடுவுல சில வருஷம் ஒரு பெரிய கம்பெனிக்கு ஃப்ராஞ்சைஸியா இன்டர்நெட் குடுத்தோம். வயர் எங்களுது, மழையில போஸ்ட் ஏறுறது எங்க பசங்க, திட்டு வாங்குறது நாங்க, பில்லு மட்டும் அவங்க பேர்ல. பங்கு வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வந்துச்சு. 2019ல போதும்னு சொந்தமா இன்டர்நெட் குடுக்குறதுக்கான ஐஎஸ்பி லைசென்ஸ் போட்டோம்.

தனி ஆளா போட முடியாது, கம்பெனியா ரெஜிஸ்டர் பண்ணிருக்கணும், அதனால மொதல்ல பிரைவேட் லிமிடெட். அப்புறம் டெலிகாம் துறையோட சரல் சஞ்சார்ங்கற சைட்ல அப்ளிகேஷன். நாங்க எடுத்தது கேடகரி சி, அதாவது பழைய டெலிபோன்காரங்க பிரிச்சு வெச்ச ஒரு எஸ்எஸ்ஏ எல்லைக்குள்ள மட்டும். என்ட்ரி ஃபீ அப்ப 20 ஆயிரம், பேங்க் கேரண்டி தனி. கேடகரி பி எடுத்தா தமிழ்நாடு சர்க்கிள் முழுசும், புதுச்சேரியும் சேர்ந்து வரும், ஆனா அதுக்கு அப்ப 2 லட்சம். பேப்பர் வேலையெல்லாம் ஆடிட்டர் பாத்துக்கிட்டாரு, அதுல சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல.

லைசென்ஸ் அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதுக்கு முந்தி ஆடிட்டர் ஒரு பக்கத்த மட்டும் மடிச்சு வெச்சு, "தம்பி, இத நீயே ஒருவாட்டி படிச்சிரு"ன்னாரு. 2018ல புதுசா சேத்த நெட் நியூட்ராலிட்டி ஷரத்து. எந்த சைட்டையும் எந்த ஆப்பையும் நாமளா தடுக்கக்கூடாது, ஸ்லோ பண்ணக்கூடாது, ஒண்ணுக்கு மட்டும் தனி வேகமும் குடுக்கக்கூடாது. அன்னைக்கு இதெல்லாம் ஜியோ ஏர்டெல்லுக்குத்தானே, 800 வீட்டு கனெக்‌ஷன் வெச்சிருக்கிற நமக்கு என்னன்னு நெனச்சேன்.

2021 லாக்டவுன்ல அது தப்புன்னு புரிஞ்சுது. சாயங்காலம் 7 மணி ஆனா போதும், கிராஃப் மேல போய் கோடு போட்ட மாதிரி தட்டையா நிக்கும், 11 மணி வரைக்கும் எறங்காது. வாங்கி வெச்ச பேண்ட்வித் அவ்ளோதான்னு அர்த்தம். ஒரு அக்கா போன் பண்ணி "புள்ளைக்கு கிளாஸ் நின்னு நின்னு வருதுப்பா, காச மட்டும் கரெக்டா வாங்குறீங்க"ன்னு அழாத குறையா சொன்னாங்க, எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல. எங்க டெக்னீஷியன் வீடியோ சைட் எல்லாத்தையும் 2 எம்பிக்கு கட்டிடலாம்ணே, மத்ததெல்லாம் பறக்கும்னான். ரூல் கூட எழுதிட்டான், எனேபிள் பண்ணல, அவ்ளோதான். அப்பதான் அந்த மடிச்ச பக்கம் ஞாபகம் வந்து எடுத்து படிச்சேன். நெரிசல சமாளிக்க இடம் இருக்கு, ஆனா அது நியாயமா, தேவையான அளவுக்கு, தற்காலிகமா இருக்கணும், கஸ்டமருக்கும் தெரிஞ்சிருக்கணும். ஒரு சைட்ட பாத்து கை வெக்கிறது வேற, இருக்கறத எல்லாருக்கும் சமமா பிரிக்கிறது வேற. மைக்ரோடிக் ரூட்டர்ல பிசிக்யூன்னு வேகத்த பிரிச்சு விடுற செட்டிங் போட்டு வீட்டுக்கு இவ்ளோன்னு சமமா பிரிச்சு விட்டோம், யாரு என்ன பாக்குறாங்கங்கறது நம்ம வேலை இல்ல. வாட்ஸப் குரூப்ல கஸ்டமருக்கும் சொல்லிட்டோம். திட்டு முழுசா நிக்கல, ஆனா அந்தக்கா அப்புறம் போன் பண்ணல.

அடுத்த வருஷம் ஒரு வீடியோ ஆப் ஆளு வந்தாரு, எங்க ஆப்ப மட்டும் டேட்டா கணக்குல சேக்காம விடுங்க, மாசா மாசம் ஒரு தொகை தர்றோம்னாரு. தொகை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம் ட்ராய் 2016 பிப்ரவரி 8ல போட்ட ரெகுலேஷன்படி ஆப்புக்கு ஆப் வேற வேற ரேட் வெக்கவே கூடாது, சில சைட்ட மட்டும் ஃப்ரீயா காட்டுன ஃபேஸ்புக்கோட ஃப்ரீ பேசிக்ஸ் இங்க நின்னதே அதனாலதான். மீறினா நாளைக்கு 50 ஆயிரம், 50 லட்சம் வரைக்கும் போகும். வேணாம்னு அனுப்பிட்டேன். அபராத பயம் மட்டும் இல்ல, இன்னைக்கு நமக்கு காசு குடுக்குறவன் நாளைக்கு பெரிய கம்பெனிக்கு நம்மள விட நூறு மடங்கு குடுப்பான், அப்ப நம்ம லைன்ல அந்த ஆப் எந்த லட்சணத்துல ஓடும்?

அதே ரெகுலேஷன்ல நம்ம நெட்வொர்க்குக்குள்ளயே சுத்துற விஷயத்துக்கு தடை இல்ல, அத வெச்சு ரூல ஏமாத்தாம இருந்தா சரி. பாடலீஸ்வரர் கோயில் வைகாசி தேர எங்க லோக்கல் சேனல் எடுக்குது, அத எங்க சர்வர்லயே வெச்சு குடுக்குறோம், பாக்குறவங்களுக்கு டேட்டா கழியாது.

எனக்கு ஒரே மனக்குறை கேச் சர்வர்தான், அதாவது நெறைய பேர் பாக்குற வீடியோவ பக்கத்துலயே சேத்து வெச்சு குடுக்குற பெட்டி. யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி கம்பெனிங்க தங்களோட கேச் பெட்டிய பெரிய நெட்வொர்க்குக்குள்ள கொண்டு வந்து வெக்கிறாங்க, நம்ம அளவு டிராஃபிக்குக்கு தர மாட்டாங்க. சிடிஎன்னு சொல்ற இந்த மாதிரி கேச் ஏற்பாடெல்லாம் நெட் நியூட்ராலிட்டி ரூல்ல வராது. ஆக நான் யாரையும் ஸ்லோ பண்ணாமலே என் லைன்ல வீடியோ ஒரு நொடி லேட்டா வருது, பக்கத்து தெருவுல பெரிய கம்பெனி லைன்ல உடனே வருது. கஸ்டமர் ரூல பாப்பாரா, வேகத்த பாப்பாரா?

இப்ப பெரிய டெலிகாம் கம்பெனிங்க சங்கம் சிஓஏஐ, டிராஃபிக் அதிகமா அனுப்புற ஆப் கம்பெனி நெட்வொர்க் செலவுல பங்கு தரணும்னு கேக்குது. கேக்க நமக்கும் லாபம் மாதிரி இருக்கும். ஆனா கூகுள்காரன் எதிர்ல ஒக்காந்து பேரம் பேசுற எடத்துல 800 கனெக்‌ஷன்காரனுக்கு யாரு நாற்காலி போடுவா? தென்கொரியாவுல நெட்வொர்க் ஃபீஸ் தாங்கலன்னு கேம் லைவ் காட்டுற ட்விட்ச் 2024 பிப்ரவரில கடையவே கட்டிட்டு போயிருச்சு. அதனால அந்தக் கோரிக்கைக்கு என் ஆதரவு இல்ல, இருக்கிற ரூல் அப்படியே இருக்கட்டும்.

கேச் விஷயத்துக்கு நாங்களா ஒரு வழி பாக்குறோம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் லைசென்ஸ் வெச்சிருக்கிற மூணு பேரோட பேசி, நெட்வொர்க்குங்க ஒண்ணோட ஒண்ணு நேரா இணையற சென்னை இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சுக்கு சேர்ந்து ஒரே லிங்க் எடுத்தா ஆளுக்கு எவ்ளோ வரும்னு கணக்கு போட்டுட்டு இருக்கோம். அங்க இணையறதுக்கு நம்ம நெட்வொர்க்குக்கு அடையாளமா வேண்டிய சொந்த ஏஎஸ் நம்பர் வந்துருச்சு. லிங்க் கொட்டேஷன் வெள்ளிக்கிழமை வரும்னு சொல்லிருக்காங்க.