அரபிக்கடல் கோப்பிபாட்கள்: வலையை எந்த ஆழத்தில் மூடுவது?

நடு அரபிக்கடலில் சுமார் 150 மீட்டரில் தொடங்கி 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த நீர் கிடக்கிறது. இறாலுக்கு உறவான, மிதக்கும் சிற்றுயிர்களான கோப்பிபாட்களில் பெரும்பாலானவை அதற்கு மேலேயே நெருக்கியடித்து வாழ்கின்றன. ஆனால் ப்ளூரோமம்மா இண்டிகா என்ற இனம் பகலில் துணிந்து அதற்குள் இறங்குகிறது. மீன்களின் கண்ணுக்குத் தப்பிவிட்டு, இரவில் மேலேறி மேய்கிறது. லூசிகூட்டியா கிராண்டிஸ் இன்னும் வியப்பானது. ஆக்சிஜன் மெல்லக் கூடத் தொடங்கும் அடிப்பக்க எல்லைதான் அதன் இருப்பிடம்.

ஆகவே எந்த ஆழத்தில் எது வாழ்கிறது என்று அறிய, குறித்த ஆழத்தில் மூடும் வலையை இழுக்கும்போது 0–100, 100–200 என்று முழு எண்களில் கடலை அறுப்பது வீண். முதலில் ஆக்சிஜன் உணரி பொருத்திய சி.டி.டி. கருவியை (ஆழந்தோறும் உப்புத்தன்மையும் வெப்பமும் அளப்பது) இறக்கி வெப்பம், ஆக்சிஜன் இரண்டையும் பாருங்கள். மேல் கலப்பு அடுக்கு, வெப்பம் சட்டென விழும் அடுக்கு, அதன் அடியிலிருந்து 300 மீட்டர், 300–500, 500–1000 என்று பிரித்தால் உயிர்களின் எல்லையும் வலையின் எல்லையும் ஓரளவு ஒத்துப்போகும். 1959–65 இந்தியப் பெருங்கடல் ஆய்வில் 200 மீட்டரிலிருந்து மேற்பரப்பு வரை ஒரே இழுப்பாக எடுத்த மாதிரிகள் இடத்துக்கு இடம் ஒப்பிட அருமையானவை. ஆனால் எது எந்த ஆழத்தில் இருந்தது என்று அவற்றிடம் கேட்க முடியாது.

பிழை அதிகம் புகுவது வலையை இறக்கும் வயரில்தான். கப்பல் நகர்ந்து வயர் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால், 300 மீட்டர் விட்டும் வலை நிற்பது 150 மீட்டரில். வயர் நீளத்தைச் சாய்கோணத்தின் கொசைனால் பெருக்குங்கள். வலையிலேயே ஆழத்தைக் காட்டும் அழுத்த உணரி இருந்தால் அதை நம்புங்கள். வலைவாய் 0.25 சதுர மீட்டர் என்றால் 200 மீட்டர் இழுப்பில் கணக்குப்படி 50 கன மீட்டர் நீர். பாசி அடைத்துக்கொண்டால் அவ்வளவு நீர் உள்ளே போகாது. ஆகவே உள்ளே போன நீரை அளக்கும் ஓட்டமானி இல்லாத எண்ணிக்கையைக் கன மீட்டருக்கு மாற்றாதீர்கள்.

கண்ணி அளவும் ஆழப்படத்தை வளைக்கும். 330 மைக்ரான் வலையில் ஓய்தோனா, ஆன்கியா போன்ற சிறியவை பெரும்பாலும் நழுவிவிடும். 200 மைக்ரானில் கூடுதலாகச் சிக்கும், இளம் பருவத்தவை அதிலும் தப்பும். பகல், இரவு மாதிரிகளை நண்பகல், நள்ளிரவை ஒட்டி எடுங்கள். விடியலிலும் அந்தியிலும் கூட்டம் நடுவழியில் இருக்கும்.

ஆழத்து மாதிரியில் மேலிருந்து மூழ்கிய பிணங்களும் கலந்திருக்கும். கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டபின் உயிரோடிருந்தது எது என்று பிரிப்பது கடினம். அதற்கு முன்பே நியூட்ரல் ரெட் சாயம் ஏற்றுங்கள், உயிருள்ளவை சிவக்கும். காரமூட்டிய ஃபார்மலினில் நிறம் மங்கும், எண்ணும் முன் சற்று அமிலமாக்கினால் மீளும்.