700 டாலர் கொடுத்து சாப்பிட்ட மீன் தலைக் குழம்பு

காலைல ஆபீஸ்ல உட்கார்ந்து மெயிலைத் திறந்தா முதல் மெயிலே, ஃப்ளோரிடாவுக்கு மீன் பிடிக்கப் போனப்போ எடுத்த வாடகைக் கார் கம்பெனிகிட்ட இருந்துதான். டோல் 6 டாலர் சொச்சம், அதை எங்களுக்காக அவங்க கட்டினதுக்கு "வசதிக் கட்டணம்" நாளுக்கு 12 டாலர், 4 நாளைக்கு 48. டோல் ரோட்டுல நாங்க போனதே ஒரே ஒரு தடவைதான், மயாமி ஏர்போர்ட்ல இருந்து ஃப்ளோரிடா சிட்டி வரைக்கும். அந்த டர்ன்பைக்ல காசு வாங்க ஆளே கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் பிடிச்சிட்டு பில்லை அனுப்பிடும், நடுவுல இவன் பூந்து எட்டு மடங்கு போட்டுத் தீட்டுறான். நேரம் கூட ஆனாலும் பரவாயில்லைன்னு யூஎஸ் 1 ரோட்டுல சிக்னல் சிக்னலா நின்னு போங்க, அதுல டோல் கிடையாது. இந்தக் கடுப்பு ஆறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன்.

நானும் மச்சினனும்தான் போனோம். அட்லாண்டால குளிர் விடாத மார்ச் மாசம், வீட்ல "மீன் பிடிக்க ஃப்ளைட்ல போறீங்களா, இங்க கடையிலயே கிடைக்குமே"ன்னு ஒரு கேள்வி. அதுக்குப் பதில் கிடையாதுங்க. தூத்துக்குடி பக்கம் பாலத்துமேல உட்கார்ந்து நரம்பைக் கையில சுத்திக்கிட்டு வளர்ந்தவனுக்கு அது புரியும், கடையில வாங்குறவங்களுக்குப் புரியாது.

இடம் ஃப்ளமிங்கோ. ஃப்ளோரிடாவோட பெருநிலம் தெற்கே முடியுற முனை, எவர்கிளேட்ஸ் நேஷனல் பார்க்குக்குள்ள இருக்கு. ஹோம்ஸ்டெட்ங்கிற ஊர் பக்கத்து கேட்ல காருக்கு 35 டாலர் கட்டி (7 நாளைக்குச் செல்லும்), அங்கிருந்து 38 மைல். நடுவுல பெட்ரோல் பங்க், டீக்கடை எதுவும் கிடையாது, போன்ல சிக்னலும் அங்கங்க செத்துடும். கிளம்புறதுக்கு முன்னாடியே தண்ணி, ஐஸ், சாப்பாடு எல்லாம் வாங்கிக்கோங்க. அங்கயே லாட்ஜ் இருக்கு, பழசை 2005 வில்மா புயல் அடிச்சிட்டுப் போன பிறகு ரொம்ப வருஷம் கழிச்சு 2023-ல கப்பல் கண்டெய்னரை வச்சே புதுசா கட்டினது. பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வாடகையைப் பார்த்ததும் நானும் மச்சினனும் ஒண்ணும் பேசாம ஹோம்ஸ்டெட்ல சமையல் கட்டோட ஒரு வீட்டைப் புக் பண்ணிட்டோம். அதுதான் இந்த ட்ரிப்லயே நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு, ஏன்னு பின்னாடி தெரியும்.

முதல் நாள் சும்மா சுத்திப் பார்க்கலாம்னு பார்க்குக்குள்ளயே ராயல் பாம்ல இருக்கிற அன்ஹிங்கா ட்ரெயில்னு ஒரு நடைபாதைக்குப் போனோம். பார்க்கிங்ல ஒரு பெட்டி நிறைய தார்ப்பாய், ரப்பர் கயிறு, கூடவே "கழுகு காரைக் கடிக்கும், மூடி வைங்க"ன்னு போர்டு. மச்சினன் சிரிச்சான். "அத்தான், கழுகு காரை என்ன பண்ணும்?" நானும் சிரிச்சேன். முதலைகளைப் போட்டோ எடுத்துட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா, கறுப்புப் பிணந்தின்னிக் கழுகு நாலு நம்ம பானெட் மேல உட்கார்ந்து வைப்பர் ரப்பரை நூடுல்ஸ் மாதிரி உருவிக்கிட்டு இருக்கு. பக்கத்துக் கார்க்காரங்க எல்லாம் பொறுப்பா தார்ப்பாய் போட்டிருந்தாங்க. வாடகைக் காராச்சே, டெபாசிட் போயிடுமேன்னு ஹோம்ஸ்டெட்ல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வைப்பர் வாங்கி மாட்டினது தனிச் செலவு. இலவசமா தார்ப்பாய் குடுத்தும் போடாதவனுக்கு இது தேவைதான்.

அந்த எரிச்சலைத் தணிச்சது ராபர்ட் இஸ் ஹியர்னு ஒரு பழக்கடை. 1959-ல ஆறு வயசுப் பையன் ரோட்டோரம் வெள்ளரிக்காய் வித்து ஆரம்பிச்ச கடை, பேரே அப்ப அவங்கப்பா எழுதி வச்ச போர்டுதான். மாமே சப்போட்டேன்னு ஒரு பழத்துல மில்க் ஷேக் குடிச்சோம், நம்ம சப்போட்டாவுக்குப் பெரியம்மா மகன் மாதிரி ருசி, கொஞ்சம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாசனையும் உண்டு. ஒண்ணு வாங்கி ரெண்டு பேரும் பங்கு போட்டோம், அவ்வளவு பெரிசு, அவ்வளவு விலையும்.

சரி, மீனுக்கு வர்றேன். ஒரு நாள் முழுக்க ரெண்டு பேருக்கு கைடு 700 டாலர். ஊர்க் காசுல கணக்குப் போடாதீங்க, நான் போட்டுட்டு ராத்திரி தூங்கல. டிப் தனி, 15-ல இருந்து 20 பர்சென்ட் எதிர்பார்க்கிறாங்க, 120 குடுத்தோம். போட், ராடு, இரை எல்லாம் அவரோடது. கைடோட போட்ல போனா கடல் மீன் லைசென்ஸ் நாம தனியா எடுக்க வேண்டாம், அவரோடதுலயே அடங்கிடும்.

ஆனா அந்த வாரம் பார்த்து வந்துச்சு வாடை. நம்மூர்ல மார்கழி வாடை தெரியும், அங்க மார்ச்லயும் கோல்ட் ஃப்ரண்ட்னு ஒண்ணு வடக்கே இருந்து இறங்கும், இறங்குற அன்னைக்கு எல்லாம் தலைகீழ். எங்க கைடு, அதாவது போட் கேப்டன், காலைல ஆறரைக்கு கைய கட்டிக்கிட்டு தண்ணியப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. ஃப்ளமிங்கோவுக்கு முன்னாடி இருக்கிற ஃப்ளோரிடா பேங்கிற விரிகுடா பூராவுமே சராசரியா 3, 4 அடி ஆழம்தான். வாடை 20 மைல் வேகத்துல ஊதினா இருக்கிற தண்ணியையும் தெற்கே தள்ளிட்டுப் போயிடும், சாதாரண வத்தத்துக்கும் கீழ போய் புல்தரை வெளிய தெரியும். அதுல மோட்டாரை ஓட்டினா கடல்புல்லை வேரோட கிழிச்சிடும், அந்தத் தழும்பு ஆற வருஷக்கணக்காகும். ஸ்நேக் பைட்னு ஒரு பக்கத்தையே 2011-ல இருந்து கோலால தள்ளியோ சின்ன எலெக்ட்ரிக் மோட்டாரை வச்சோ மட்டும்தான் போகணும்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. தண்ணி 64 டிகிரி ஃபாரன்ஹீட். "டார்பனை மறந்துடுங்க, அது 75-க்கு மேல சூடான தண்ணி கேட்கிற மீன், ஏப்ரல் கடைசில வாங்க"ன்னுட்டாரு. மச்சினன் மூஞ்சி விழுந்துடுச்சு, அவன் ஆறு மாசமா வீடியோ பார்த்ததே டார்பன் குதிக்கிறதைத்தான்.

ஃப்ளமிங்கோவுல ரெண்டு பக்கமும் போட் இறக்கலாம், ஒண்ணு பே பக்கம், இன்னொண்ணு உள்பக்கம். 1957-ல பட்டன்வுட் கால்வாய்னு வெட்டினாங்க, அது வழியா உப்புத் தண்ணி உள்ள ஏறி எல்லாத்தையும் கெடுக்குதுன்னு 1982-ல ஃப்ளமிங்கோ முனையில அடைச்சிட்டாங்க. அடைப்புக்கு அந்தப் பக்கம் இறங்கினா கால்வாய், கூட் பே, டார்பன் க்ரீக், அப்புறம் வொயிட்வாட்டர் பே. வாடை அடிக்கிற அன்னைக்கு அதுதான் வழி. கால்வாய்க் கரையில பத்தடி நீளத்துக்கு ஒரு முதலை வாயைத் திறந்துக்கிட்டு வெயில் காயுது. இது உப்புத் தண்ணிலயும் வாழற அமெரிக்கன் க்ரோகடைல், ட்ரெயில்ல பார்த்தது நல்ல தண்ணி அலிகேட்டர், ரெண்டும் ஒரே ஊர்ல இருக்கிறது உலகத்துலயே தெற்கு ஃப்ளோரிடாவுல மட்டும்தான்.

உள்ள போகப் போக அப்படியே பிச்சாவரம்ங்க. பிச்சாவரத்தை நூறு மடங்கு பெரிசாக்கி ஆளையெல்லாம் வெளிய அனுப்பிட்டா எப்படி இருக்கும், அப்படி. அலையாத்தி வேர் தண்ணிக்குள்ள கால் ஊனி நிக்குது, தண்ணி கடும் டீ கலர், இலை ஊறி ஊறி வந்த நிறம். காத்து தலைக்கு மேல மரத்துல இரையுது, ஓடைக்குள்ள ஒரு அலை கிடையாது. ஜோ ரிவர் பக்கமா ஒரு சின்ன ஓடைவாய்ல நிறுத்தினாரு. அடியில கறுப்புச் சேறு, வெயில் ஏறினா மத்த இடத்தை விட அங்க சீக்கிரம் சூடாகும், ரெண்டு டிகிரி கூடினாலே மீன் அங்க வந்து ஒதுங்கிடும்னாரு. அதனால காலைல அவசரமே படல. ஊர்ல நாங்க விடியக்காலம் மூணு மணிக்குக் கிளம்புவோம், இவரு பதினோரு மணிக்கு மேலதான் மீன் கடிக்கும்னு சாவகாசமா சாண்ட்விச் சாப்பிடுறாரு, 700 டாலர் மீட்டர் ஓடுற மாதிரி எனக்கு வயிறு எரியுது.

உயிர் இறாலை கால் அவுன்ஸ் ஈயத் தலை வச்ச முள்ளுல கோத்து, வேருக்கு ஒரு அடி தள்ளிப் போடணும், ஒரு அடி தாண்டினா மரத்துல மாட்டும். மச்சினன் முதல் அஞ்சு தடவை மரத்தைத்தான் பிடிச்சான். கேப்டன் ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் சொல்லாம போட்டைக் கிட்ட கொண்டு போய் எடுத்துக் குடுத்தாரு, நானா இருந்தா திட்டியிருப்பேன்.

பதினொன்றரைக்கு மேல கதையே மாறிடுச்சு. மாங்க்ரோவ் ஸ்னாப்பர் வந்து டொக் டொக்குன்னு இறாலைக் கொறிக்குது, நம்ம சங்கராவோட ஜாதி, கறுத்த மூஞ்சி. அப்புறம் மச்சினனுக்கு ஒரு பிளாக் டிரம், தாடையில தாடி மாதிரி தொங்கும், தூக்கிப் போட்டதும் குர் குர்ருன்னு சத்தம் போடுது. அளந்தா 20 இன்ச், 14-ல இருந்து 24 வரைக்கும் வச்சுக்கலாம், ஐஸ்ல போட்டாச்சு. அப்புறம் எனக்கு வந்ததுங்க.

நரம்பு லேசா பக்கவாட்டுல நகர்ந்துச்சு, கடிச்ச மாதிரியே தெரியல. தூக்கினேன். ஓடை நடுவுல தண்ணி வெடிச்சு ஒரு ஸ்னூக் முழு உடம்பும் வெளிய வந்துச்சு, வெள்ளி உடம்புல செவுள்ல இருந்து வால் வரைக்கும் மையில கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்பு வரி. நம்ம கொடுவாவோட ஒண்ணு விட்ட தம்பின்னு வச்சுக்கோங்க, அதே மூக்கு, அதே திமிரு. ரீல் அலறுது, கேப்டன் "விடாதீங்க, வேருக்கு விடாதீங்க"ன்னு கத்துறாரு, எனக்கு விடக்கூடாதுன்னு மனசு, ஆனா மீன் என்கிட்ட அனுமதி கேட்கல. மூணே செகண்ட், வேருக்குள்ள பூந்துடுச்சு, டப்புன்னு கை லேசாயிடுச்சு. இழுத்துப் பார்த்தா முள்ளுக்கு முன்னாடி கட்டுற 30 பவுண்டு தடி நரம்பு (லீடர்) பிசிறு பிசிறா தேஞ்சு அறுந்திருக்கு. அது செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, அதுவும் வேரும் சேர்ந்தா எந்த நரம்பும் நிக்காது. கேப்டன் தொப்பியைக் கழட்டி மறுபடி மாட்டிக்கிட்டாரு, அவ்வளவுதான். எவ்வளவு இன்ச் இருக்கும்னு கேட்டேன். "கேட்காதீங்க"ன்னாரு.

ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு, இதை விடல. ரெண்டு கையையும் நனைச்சிட்டுத்தான் பிடிக்கணும், இல்லைன்னா உடம்புல இருக்கிற வழவழப்பு போய் நோய் வந்துடும். அளந்தா 26 இன்ச். மார்ச் 1-ல சீசன் திறந்தாச்சு, ஆனா அங்க 28-ல இருந்து 33-க்குள்ள இருந்தாத்தான் வச்சுக்கலாம், ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு இன்ச்! வாலை அமுக்கிப் பார்த்தேன், தலையைத் தள்ளிப் பார்த்தேன், கேப்டன் சிரிச்சிட்டு கையில வாங்கி தண்ணில முன்னும் பின்னும் ஆட்டி விட்டுட்டாரு. 2010 ஜனவரி குளிர்ல ஸ்னூக் கூட்டம் கூட்டமா செத்து மிதந்துச்சாம், அதுக்கப்புறம் அங்க பல வருஷம் பிடிச்சு வைக்கவே விடல. அதைச் சொன்னப்புறம் எனக்கும் வாதாட வாய் வரல.

கரைக்கு வந்ததும்தான் எனக்கு ரத்தம் கொதிச்ச சமாச்சாரம். கரை வர்ற வரைக்கும் மீன் தலை வாலோட முழுசா இருக்கணும்கிறது சட்டம், அது வரைக்கும் சந்தோஷம். டிரம்மையும் அஞ்சு ஸ்னாப்பரையும் பலகையில போட்டு கத்தியால சர் சர்ருன்னு ரெண்டு பக்கமும் சதையை மட்டும் உரிச்சிட்டு, தலை, நடுமுள், வயித்துக் கொழுப்பு அத்தனையையும் குப்பை டப்பா பக்கம் தள்ளுறாரு! "கேப்டன், நிறுத்துங்க!" ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்திட்டோம். தலை வேணுமான்னு கேட்டாரு, என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு. குழம்புன்னு சொல்லி எப்படி விளக்குறது. செவுளை மட்டும் பிடுங்கிட்டு தலையை ரெண்டாப் பிளந்து தாங்கன்னேன், பக்கத்துப் போட்காரரு வேற எட்டிப் பார்த்து, அவர் வச்சிருந்த ரெண்டு தலையையும் இலவசமா குடுத்துட்டுப் போயிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி, பெட்டியில அம்மா அரைச்ச குழம்புத் தூள் ஒரு பாக்கெட் இருந்துச்சு, ஹோம்ஸ்டெட்ல மெக்சிகோ மளிகைக் கடையில புளி முழு ஓடோட கிடைச்சுது, தேங்காய்த் துருவல் ஃப்ரோசன்ல. கறிவேப்பிலை மட்டும் இல்ல. டிரம் தலையில கன்னச் சதை இருக்கே, ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய அப்பளம் அளவு, கண்ணுக்குப் பின்னாடி ஜெல்லி மாதிரி ஒரு துண்டு, புளிக் குழம்பு ஏறி நிக்குது. மச்சினன் பேசவே இல்ல, மூணாவது தட்டுக்கு சோறு போடும்போதுதான் "அத்தான், இதுக்கு 820 டாலர் ஓகேதான்"னான். ஸ்னாப்பர் சதையை வறுத்தோம், அது நல்லா இருந்துச்சு, ஆனா அந்தத் தலைக்கு முன்னாடி அதைப் பத்தி எழுதறதே பாவம்.

அடுத்த நாள் காசு மிச்சம் பண்ணலாம்னு ஃப்ளோரிடா கீஸ் தீவுகள் பக்கம் போனோம், லாங் கீ போற வழியில சேனல் 5-னு ஒரு பழைய பாலம். அது இப்ப மீன் பிடிக்கிறவங்களுக்குன்னே விட்டிருக்கு. கைடு இல்லாததால லைசென்ஸ் வேணும், வெளி மாநிலத்தவருக்கு 3 நாளைக்கு 17 டாலர், ஆன்லைன்லயே எடுக்கலாம். காத்துல தூண்டிலைப் போட்டா திரும்பி நம்ம மூஞ்சிக்கே வருது. ஒரு சின்னப் பாரை, அப்புறம் வரிசையா கெளுத்தி, அது முள்ளு ஊர்ல குத்துற மாதிரியேதான் அங்கயும் குத்துது, மச்சினன் கட்டைவிரல் சாயங்காலம் வரைக்கும் பூரி.

சொல்ல மறந்துட்டேன், ஃப்ளமிங்கோவுல பொழுது சாயுறப்போ நோ-சீ-அம்னு ஒரு கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிக்கும், கொசுவாவது பரவாயில்லை. வெயில் இருக்கும்போதே கரையேறி காருக்குள்ள போயிடுங்க, முழுக்கை சட்டை கட்டாயம். மார்ச்ல போறவங்க தேதியைப் பார்த்து கைடு புக் பண்ணாதீங்க, ஃப்ரண்ட் இறங்கி ரெண்டு மூணு நாள் கழிச்சு காத்து கொண்டலாத் திரும்பின பிறகு பே பக்கம் தெளிஞ்சு பிரமாதமா இருக்குமாம். ஃப்ளைட் டிக்கெட்டை முன்னாடியே வாங்கினவன் அதை எப்படிப் பண்றதுன்னு கேட்காதீங்க, நானும் அதையேதான் யோசிக்கிறேன். செலவை வரிசையா லிஸ்ட் போடறேன்னு மச்சினன்கிட்ட சொல்லியிருந்தேன், வைப்பர் பில்லை எங்க வச்சேன்னே தெரியல.

டோல் காசுக்கு கம்ப்ளெயின்ட் அனுப்பியிருக்கேன். 5-ல இருந்து 7 வேலை நாள்ல பதில் வருமாம். மச்சினன் அதுக்குள்ள ஏப்ரல் கடைசிக்கு மயாமி டிக்கெட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டான், கீழ ஒரே ஒரு வரி: "அத்தான், இந்தத் தடவை கறிவேப்பிலையும் எடுத்துக்கோங்க."