அம்மம்மாவின் அண்ணர் எங்கே பறந்தார்: தேடல் இதுவரை

அம்மம்மாவின் அண்ணர் இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படையில் இருந்தவர். என்ன வேலை என்று கேட்டால், “பிளேன் ஓட்டினவர்” என்றுதான் வீட்டில் சொல்வார்கள். சீருடைப் படத்தைப் பெரிதாக ஸ்கான் செய்து பார்த்ததும் விஷயம் தெளிந்தது. விமானிக்கு இரட்டைச் சிறகு. இவர் நெஞ்சில் ஒற்றைச் சிறகு, வட்டத்துக்குள் ஏ.ஜி. என்ற எழுத்துகள். எயார் கன்னர், அதாவது விமானத் துப்பாக்கி வீரர். இந்தச் சின்னம் 1939 டிசெம்பரில் வந்தது. கையில் சார்ஜன்டின் மூன்று பட்டி. 1940 நடுப்பகுதியிலிருந்து விமானத்தில் பறந்த கன்னர்கள் எல்லோருக்கும் குறைந்தது அந்தப் பதவி கொடுத்தார்கள்.

அவருடைய படைப் பதிவைக் கேட்டு விண்ணப்பிக்க அடுத்துத் தேவைப்பட்டது படை இலக்கம். ஒரே பெயரில் பலர் இருக்கலாம், இலக்கம் ஒருவருக்குத்தான். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. கொழும்பில் பெரியம்மாவிடம் தப்பியிருந்த ஒரு கடித உறையில் இலக்கம் கிடைத்தது. அம்மம்மாவின் அண்ணர் உலகப்போருக்குப் பிறகு ஊரில் காலமானவர் என்பதால் மரணச் சான்றிதழும் வேண்டும். பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்தேன். இப்படித் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு 2022 தொடங்கிப் பழைய படைக் கோப்புகளைக் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. உங்களுடையது எங்கே என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வந்த பதிவில் திகதிகளும் சுருக்கெழுத்துகளும்தான். பிரித்து வாசித்தால் பாதை தெரிகிறது: துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி, போர்ப்பயிற்சிப் பிரிவு, கனரக விமானப் பயிற்சி, கடைசியில் லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானங்களின் ஸ்குவாட்ரன், அதாவது படைப்பிரிவு. எந்த இரவு எங்கே பறந்தார் என்பது இதில் இல்லை.

அது ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவேட்டில் இருக்கிறது. கியூ காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 என்ற தொடர். அதில் 540ஆம் படிவம் அன்றாடச் சுருக்கம். 541ஆம் படிவத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் குழுவினரின் பெயர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம். எனக்குப் பொக்கிஷம் இந்த 541தான். ஆனால் நம்மவர் பெயரைத் தட்டச்சு செய்தவர்கள் இடத்துக்கு இடம் வேறு வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அதனால் விமானியின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினேன். ஒரு குழு சேர்ந்தால் பெரும்பாலும் கடைசிவரை ஒன்றாகவே பறக்கும், ஆகவே விமானி இருக்கும் வரியில் நம்மாளும் இருப்பார். லங்காஸ்டரில் ஏழு பேர். இவர் பெயர் பெரும்பாலும் ஏழாவதாக, வால்பக்கக் கன்னராக.

அந்த வாலைப் பற்றி வாசித்தபோது மனம் கனத்தது. நான்கு பிரௌனிங் துப்பாக்கிகளுக்கு நடுவில், உறையும் குளிரில், மற்ற ஆறு பேரையும் பார்க்க முடியாமல் மணிக்கணக்காக இருக்க வேண்டும். பரசூட்டை உள்ளே வைக்க இடமில்லை. கூண்டின் கதவுக்கு வெளியே கிடக்கும். குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். ஒருவர் பறக்க வேண்டிய வழமையான ஒரு சுற்று 30 தாக்குதல் பறப்புகள். இவர் அதை முடித்துத் திரும்பியவர். ஊரில் யாருக்கும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவருடைய பறப்புக் குறிப்பேடு கிடைக்கவில்லை. உரிமை கோரப்படாதவற்றில் பெரும்பகுதியை 1960 அளவில் அழித்துவிட்டார்கள். ஆனால் விமானியின் குறிப்பேடு அவருடைய குடும்பத்தில் இருந்தால் அதே இரவுகள் அதிலும் இருக்கும். இப்போது அந்தக் குடும்பத்தைத் தேடுகிறேன். கூடவே, நூலகம் என்ற இணையத் தளத்தில் இருக்கும் பழைய இந்துசாதனம் பத்திரிகை இதழ்களையும் கல்லூரி மலர்களையும் 1941இலிருந்து புரட்டி வருகிறேன். அவர் படையில் சேர்ந்த செய்தி எதிலாவது இருக்க வேண்டும்.